ஆறு கால் விமானம்

நான் குடியிருக்கும் கட்டடத்தில் நான்காவது மாடி கிடையாது. லிஃப்ட்டில் ஏறினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள் வரிசையாக வரும். அதற்கப்புறம் மூன்று ஏ. அதற்கடுத்து ஐந்து. சீனர்களுக்கு நான்கு ஆகாதாம். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. எங்கள் வீடு மூன்று ஏ-யில் இருக்கிறது. இரண்டு அறை, எட்டுப் பேர். நான்காவது மாடியில் படுத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு உள்ளங்கால் கூசும். மூன்று ஏ என்று நினைத்தால் மூன்றாவது மாடியிலேயே ஏதோ ஒரு மூலை மாதிரிதான் இருக்கும். இங்கே மலேசியாவில் மாடி வீட்டுக்காரர்கள் துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயப்போடுவார்கள். காற்றில் சட்டைகள் கை விரித்துக்கொண்டு தொங்கும். அந்த ஜன்னல் பக்கம் நான் போகமாட்டேன். என் துணியை வேறு யாராவது நீட்டுவார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் தட்டை நான் கழுவுவேன். ஏனென்று யாரும் கேட்டதில்லை. வெளியூரில் எட்டுப் பேர் சேர்ந்து கிடக்கும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு கோணல் இருக்கும். அதைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

எனக்கு உயரம் ஆகாது. எப்போதிலிருந்து என்று தெரியாது. எங்கள் ஊர் கருங்குழியில் எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனில் கொய்யாக் கூடை தூக்கிய நாட்களில், பிளாட்பாரம் மாற மேம்பாலத்தில் ஏறியதே இல்லை. கூடையோடு தண்டவாளத்தில் இறங்கித்தான் போவேன். போலீஸ்காரர் இரண்டு தடவை முதுகில் போட்டார். அடி வலித்தது. பாலத்துப் படிகளுக்கு நடுவில் தெரியும் இடைவெளி அதைவிட மோசம். பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரியில் கிளீனராக இருந்தேன். லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டச் சொன்னபோது அந்த வேலையும் போயிற்று. மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் மூன்று வருடம் இருந்தேன். உப்புத்தாள் வைத்து யானை முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. தரையில் உட்கார்ந்து செய்வது. உப்புக்காற்று, கல் தூசு, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம். என் வாழ்க்கையில் பயமில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான். ஆனால் எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் எங்கேயும் விழமாட்டோம் என்று நினைத்தேனோ என்னவோ.

ஓடி ஓடிக் கடைசியில் வந்தது கடல் தாண்டி. தொண்ணூறுகள் முடியும் நேரம். பட்டறையில் பழக்கமான கன்னியப்பன் சதுரங்கப்பட்டினத்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். அவன்தான் ஏஜெண்டிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். விமானத்தில் ஏறும்போது கண்ணை மூடியவன், இறங்கும்போதுதான் திறந்தேன். நடுவில் ஒருமுறை வண்டி குலுங்கியது. என் கால்சட்டை நனைந்தது. பக்கத்தில் இருந்த கன்னியப்பன் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என் மடியில் மீதியையும் ஊற்றிவிட்டு, "தண்ணி கொட்டிக்கிச்சும்மா" என்று பணிப்பெண்ணிடம் தமிழிலேயே சொன்னான். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆறு வருடம் நான் ஊர்ப்பக்கம் வராததற்கு நீங்கள் பல காரணம் சொல்லியிருப்பீர்கள். சம்பாத்தியம் கண்ணை மறைத்துவிட்டது, அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றுகூடப் பேசியதாகக் கேள்வி. நான் சொன்ன காரணம் லீவு இல்லை, பெர்மிட்டு சிக்கல். எல்லாமே பொய். நானும் கன்னியப்பனும் வேலை பார்க்கும் பரோட்டாக் கடையின் முதலாளி நல்ல மனுஷன். இந்த ஊர்த் தமிழர், மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர். காலையில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்காமல் உள்ளே போகமாட்டார். அவர் ஒருநாளும் லீவு இல்லை என்று சொன்னதில்லை. விமானத்தில் ஏற முடியாததால்தான் நான் வரவில்லை. இரண்டாவது வருடம் என் அப்பா செத்தார். டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன். டிக்கெட் கிடைத்தது. விமான நிலையம் வரைக்கும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்று மேலே போவதைப் பார்த்தேன். பஸ் பிடித்துத் திரும்பி வந்து சாயங்காலம் கடையில் மாவு பிசைந்தேன்.

இப்படியே இருந்திருப்பேன். தங்கச்சி செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பெண்ணின் அண்ணன் தம்பிதான் எதிரே போய் மாலை போட்டுக் கூட்டிவர வேண்டும். அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன். சித்தப்பா மகனை நிறுத்தலாம் என்று அம்மா சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. போன் செய்தாள்.

"ண்ணா, நீ வந்தாதான் கண்ணாலம்."

"மொதலாளி லீவு குடுக்கணுமேம்மா."

"மூணு வாட்டி இதையேதான் சொல்லிகினு கீற. அந்தாளாண்ட போனக் குடு, நான் பேசறேன்."

"அவரு இப்ப இல்ல."

"நீ வர்ற வரிக்கும் தேதியத் தள்ளிகினே போவேன். கெயவி ஆயிட்டப்பறம் கண்ணாலம் பண்ணிவை."

இரண்டு தடவை தள்ளிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. மூன்றாவது தடவை தள்ளினால் சம்பந்தம் முறியும் என்று அம்மா அழுதாள். முதலாளி, கேட்காமலே ஒரு மாதம் லீவு கொடுத்தார். கன்னியப்பன் மாவு மேடைக்கு எதிரே நின்று கேட்டான்: "லீவுதான் கெடச்சிடுச்சே மச்சான், டிக்கெட்டு இன்னா ஆச்சு?" நான் உருண்டை பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாவு தரையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். "அப்ப உங்க நைனா செத்தப்ப?" என்றான். நான் அடுத்த உருண்டையைப் பிடித்தேன். அன்றைக்கு முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் காலையிலேயே என்னை எழுப்பி பஸ் ஏற்றினான். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் தீம் பார்க். நகரும் படிக்கட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். மேலே ஒரு மூலையில் அது நின்றது. ஒரு சின்ன வேன் அளவு வெள்ளைப் பெட்டி. இறக்கை இல்லை, சக்கரம் இல்லை. அடியில் எண்ணெய் மினுங்கும் ஆறு இரும்புக் கால்கள். சிமுலேட்டர் என்று எழுதியிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் எதிரே திரையில் படம் ஓடும். படத்துக்கு ஏற்றபடி பெட்டி சாயும், நிமிரும், லேசாக மேலே எழும். பறப்பது மாதிரியே இருக்கும். வாசலில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பலூனோடு வரிசையில் நின்றார்கள்.

"கொயந்தைங்க ஏறுது மச்சான். இதுல ஏறிப் பயகிகினீனா பிளேன்லாம் ஒண்ணுமே இல்ல."

"எவ்ளோ மேல போவும்?"

"உன் ஒசரம்கூட இல்ல. தொட்டில் மாரி."

சீட்டு வாங்கும் இடத்தில் மலாய்ப் பெண் ஒருத்தி, தலையில் நீல முக்காடு, கையில் வாக்கிடாக்கி. என் முகத்தைப் பார்த்துவிட்டு "தாக்குட்?" என்றாள். பயமா என்று கேட்கிறாள். கடையில் ஆறு வருடம் கேட்டுப் பழகிய பாஷை. ஆனால் எனக்குத் தெரிந்த மலாய் முழுக்க தேநீரில் சர்க்கரை குறைப்பது, பரோட்டாவைப் பொட்டலம் கட்டுவது பற்றித்தான். பயத்தைப் பற்றிப் பேச அதில் வார்த்தை இல்லை. "சாப்பிட்டாச்சு" என்று மலாயில் சொல்லி வைத்தேன். அவள் நல்லது என்பதுபோலத் தலையாட்டினாள்.

அப்போது கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். கடை சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தாலோ, நெடுந்தூரம் கிளம்பினாலோ சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் போவார்கள். நான் கிளீனராக இருந்தபோது அந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். டிரைவர் அண்ணாத்த, பழம் நசுங்கும் சத்தம் காதில் விழாவிட்டால் கியர் மாற்றமாட்டார்.

"சக்கரமே இல்லியேடா," என்றேன்.

"கால் கீதுல்ல. எந்தக் கால்ல வைக்கறது, அத்தச் சொல்லு."

எனக்கும் மனசுக்குள் ஆசைதான். முன்பக்கத்தில், பெட்டி வந்து உட்காரும் ரப்பர் மேடையின் ஓரத்தைக் காட்டினேன். அந்தப் பெண் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். கம்பி வேலிக்குள் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோலக் கன்னியப்பன் பழத்தை வைத்துவிட்டு வந்தான். மனசு நிம்மதியாக இருந்தது. கதவு மூடியது.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் கத்தியதும், காற்று முகத்தில் அடித்ததும், கன்னியப்பன் "தோ மல, தோ கடலு" என்று வர்ணனை சொன்னதும் காதில் விழுந்தன. கடைசியில் பெட்டி இறங்குவது தெரிந்தது. பெருமூச்சு விட்டேன். பாதியில் 'டக்' என்று நின்றது. மூக்கு மேலே தூக்கியிருக்க, வால் கீழே சாய்ந்திருக்க, திரை அணைந்தது. காற்று நின்றது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கதவு திறக்கவில்லை. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. எங்கிருந்தோ மெல்ல எலுமிச்சை வாசனை வந்தது.

நானும் கன்னியப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெட்டி எழுந்தபோது பழம் உருண்டு மேடை நடுவுக்கு வந்திருக்கிறது. இறங்கும்போது மாட்டிக்கொண்டது. மெஷினுக்கு உட்கார்ந்தோமா இல்லையா என்று தெரியவில்லை. "மூச்சு வுடாத," என்றான் கன்னியப்பன்.

எனக்கு இந்தப் பக்கம் ஒரு சீன அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் யாரோ ஒரு குழந்தையின் பை. அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. என்னிடம் சீனத்தில் வேகமாக ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. "ஒண்ணும் இல்லம்மா, எலுமிச்சம்பழம்தான்," என்றேன் தமிழில். அவர் மறுபடி கேட்டார். "நாங்கதான் வச்சோம். சின்னப் பழம்தான். தோ வந்துடுவாங்க," என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். பிடி கொஞ்சம் தளர்ந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். பழத்தின் விலை, கடை, கருங்குழி, என்ன வந்ததோ அதையெல்லாம். என் வாழ்நாளில் தரைக்கு மேலே இருக்கும்போது இன்னொருவருக்குத் தைரியம் சொன்னது அன்றைக்குத்தான். கீழே இருப்பது என்ன என்று அந்தப் பெட்டிக்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ உள்ளங்கால் கூசவில்லை.

ஏணி வைத்து இறக்கினார்கள். சீன அம்மா இறங்கியதும் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நீல முக்காடுப் பெண் வேலிக்குள் குனிந்து, சப்பையாகிப்போன பழத்தை இரண்டு விரலால் தூக்கினாள். முகர்ந்து பார்த்தாள். "சியாப்பா புன்யா?" யாருடையது என்று கேட்டாள். கன்னியப்பன் கூரையைப் பார்த்தான். நான் "சாயா," என்றேன். நான்தான்.

ஏன் என்று கேட்டாள். "செலாமாட்," என்றேன். பத்திரமாக இருக்க. அவள் பழத்தையும் பார்த்தாள், சாய்ந்து நின்ற பெட்டியையும் பார்த்தாள். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னாள். வண்டிக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருப்பதைக் காட்டினாள். நாங்கள் பறக்கும்போது சாப்பிடப் பழம் கொண்டுவந்ததாக அவள் நினைத்தாள் என்று நினைக்கிறேன். திட்டவில்லை. என் கையில் ஒரு துணியைக் கொடுத்தாள். குப்புறப் படுத்து ரப்பர் மேடையைத் துடைத்தேன். ஆறு கால்களையும் கிட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் தொடை கனம். நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

துடைத்து முடிந்ததும் அவள் பெட்டியைக் காட்டி, உள்ளே போ என்றாள். எனக்குப் புரியவில்லை. கன்னியப்பனுக்குப் புரிந்தது. வண்டி நின்றுபோனால், சரிசெய்த பிறகு வேலைக்காரர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒருதடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஜனங்களை ஏற்றுவார்களாம். அவள்தான் உட்கார வேண்டும். இன்றைக்கு அந்த வேலை எனக்கு.

"நீ வச்ச பயம், நீ ஏறு மச்சான்."

"நீயும் வாடா."

"ஒராள்தான்றா. போ, சீக்கிரம் வா, பசிக்குது."

பத்துப் பேர் உட்காரும் பெட்டியில் நான் ஒருவன். பெல்ட்டை அவளே போட்டுவிட்டாள். விளக்கு அணைந்தது. கண்ணை மூடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் குழந்தைகளின் சத்தம் இல்லை, கன்னியப்பனின் வர்ணனை இல்லை. பெட்டி தொட்டில் மாதிரிதான் எழுந்தது. கண்ணைத் திறந்தபோது எதிரே வெள்ளை வெளேரென்று ஏதோ ஒரு நாட்டுப் பனிமலை. நான் பனியைப் பார்த்ததில்லை. வெயில் ஏறிய உப்பளம் என்று எடுத்துக்கொண்டேன். கோவளத்துக்குப் பக்கத்தில் அப்படித்தான் கண் கூசும். மலை வழிவிட்டது. ஒரு ஆறு வந்தது. நிறையத் தண்ணீர். பாலாற்றில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது இரண்டே தடவை. ஆனாலும் இதுதான் பாலாறு என்று வைத்துக்கொண்டேன். யாருக்கும் நஷ்டமில்லை. காற்று வந்தது. ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனால் கடல் வரும் என்று எனக்குத் தெரியும். வழியில் வயல்கள், சின்னச் சின்னக் கூரைகள், எறும்பு மாதிரி ஒரு ரயில். பெட்டி இடப்பக்கம் சாய்ந்தது. நானும் அதோடு சாய்ந்தேன்.

அப்போது ஒரு ஏரி. சுற்றிலும் கரை, கரையில் மரங்கள். அப்பாவை ஏரிக்கரைக்குக் கீழே புதைத்ததாகச் சொன்னார்கள். நான் பார்த்ததில்லை. அது எங்கள் ஏரி இல்லை, எந்த நாட்டு ஏரியோ, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கழுத்து தன்னால் முன்னே போயிற்று. குனிந்து கீழே பார்த்தேன். கரையில் ஒரு மனுஷன் நடந்துகொண்டிருந்தான். நகக்கண் அளவுதான். முகம் தெரியவில்லை. அந்த உயரத்திலிருந்து பெற்ற அப்பனாக இருந்தாலும் முகம் தெரியாது. அவன் கடந்து போகும்வரை பார்த்தேன். பிறகு கடல் வந்தது. அதற்கும் பிறகு விளக்கு எரிந்தது. பெட்டி சத்தமில்லாமல் மேடையில் உட்கார்ந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து, "ஓகே?" என்றாள். வண்டி ஓகேயா என்று கேட்டாள். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "ஓகே," என்றேன்.

மறுநாள் டிக்கெட் எடுத்துவிட்டுச் செல்விக்குப் போன் செய்தேன். "அப்பா செத்தப்ப டிக்கெட்டு கெடச்சிதும்மா. பயந்துகினு வர்ல," என்றேன். அந்தப் பக்கம் தெருவில் ஒரு பஸ் போவது கேட்டது. பிறகு சொன்னாள்: "அம்மாவாண்ட அத்த நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன். இப்ப எடுத்த டிக்கெட்டு எந்தத் தேதி?"

வந்தேன். விமானத்தில் நடுங்கினேன், ஆனால் பாட்டில் தண்ணீர் தேவைப்படவில்லை. மாப்பிள்ளைக்கு மாலை போடும்போது அவர் என் காதுக்குள், "உன்னால மூணு பத்திரிக்க அடிச்சோம் மச்சான்," என்றார். அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. இரண்டு நாள் எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்காராமல் உள்ளே போனாள். மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். ஏரிக்கரைக்குப் போனேன். மேடு மழையில் கரைந்திருந்தது. இந்த இடம்தான் என்று சித்தப்பா குத்துமதிப்பாகக் காட்டினார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்டார்கள். எப்ப வந்த, எப்ப கெளம்புற. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடவில்லை. நானும் டீக்கடையில் சர்க்கரை குறைக்க மலாயில் சொல்லிவிட்டு அசடு வழிந்தேன். ஒரு மாதம் முடிவதற்குள் கால் துறுதுறுத்தது. அது எங்கே போனாலும் துறுதுறுக்கும் கால்தான்.

திரும்பி வரும் விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கினேன். பட்டப்பகல், மேகமில்லை. மேலே எழுந்ததும் வண்டி திரும்புவதற்காக என் பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னல் முழுக்கத் தரை தெரிந்தது. செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் மின்னின. பாலாற்று மணல். அதற்கப்பால் கரையோரம் வெள்ளை நூல் மாதிரி அலை, நகராமல். எது கருங்குழி, எது மதுராந்தகம் என்று கண் ஆவலாகத் தேடிக்கொண்டே இருந்தது. இமைக்கவும் இல்லை. ஆனால் உடம்பு அதன் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த சீனப் பெரியவரின் தோளில் என் முழுப் பாரமும் கிடந்தது. அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நகராமல் உட்கார்ந்திருந்தார். விமானம் நிமிர்ந்து கடலுக்கு மேலே வரும்வரை நாங்கள் அப்படியேதான் போனோம். கண் கரையில், உடம்பு அவர் தோளில்.